மதுரை மல்லிக்கு இரண்டாவது வாசல் வேண்டும்

கொரோனா ஊரடங்கில் மதுரை வட்டாரத்தில் அதிகம் அடிபட்ட விவசாயி யார் என்று கேட்டால், மல்லிகை போட்டவர் என்றே சொல்வேன். நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம். மிளகாயைக் காயவைத்து விலை வரும்வரை காத்திருக்கலாம். விடியற்காலையில் பறித்த மல்லி மொட்டு அன்று மாலையே விரிந்துவிடும். மறுநாள் அதற்கு விலை இல்லை.

நாடு தழுவிய ஊரடங்கு 2020 மார்ச் 25-ல் தொடங்கியது. குண்டுமல்லியின் பருவமோ மார்ச் முதல் ஜூலை வரை. விவசாயப் பணிகளுக்கும் விளைபொருள் சந்தைகளுக்கும் மத்திய அரசு மார்ச் 27-லேயே விலக்கு அளித்தது. ஆனால், பூவை வாங்க ஆள் இல்லை. பெரிய கோயில்கள் செப்டம்பர் 1 வரை பக்தர்களுக்குத் திறக்கவில்லை. மீனாட்சி திருக்கல்யாணம் மே 4-ல் பக்தர்கள் இல்லாமலே நடந்தது. அழகர் வைகையில் இறங்கவில்லை. கல்யாணங்கள் வீட்டுக்குள் சுருங்கின. பயணிகள் விமானங்கள் நின்றதால் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வழக்கமாகப் போகும் பூவும் முடங்கியது. 2021 மே 10 முதல் மீண்டும் முழு ஊரடங்கு. மீண்டும் அதே பருவம்.

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால், பெயர் மட்டும் பூவை விற்றுக் கொடுக்காது என்பதை அந்த இரண்டு கோடைகளும் காட்டிவிட்டன. நம் பூ முழுவதும் கோயில், கல்யாணம், கூந்தல் என்ற ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே போகிறது. அந்த வாசல் மூடினால் விவசாயி வயலிலேயே மாட்டிக்கொள்கிறார். பயிரை மாற்றவும் முடியாது. ஏக்கருக்கு சுமார் 2,500 செடி வைத்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டு பலன் எடுக்கும் பயிர் இது. பறிக்காமல் விட்டால் மொக்குப்புழு பெருகும். பறித்தால் ஆள் கூலி கையைவிட்டுப் போகும்.

அடுத்த முறையும் நிவாரணத்துக்கு மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பதா? இப்போதே மூன்று வேலைகளைத் தொடங்கலாம் என்பது என் கருத்து.

சென்ட் தொழிற்சாலையோடு முன்பே பேசுங்கள்

பூவிலிருந்து நறுமண மெழுகு எடுக்கும் தொழிற்சாலைகள்தான் நமக்கு இரண்டாவது வாசல். ஒரு டன் குண்டுமல்லியில் இரண்டு கிலோவுக்கும் குறைவாகவே மெழுகு கிடைக்கும். அதனால் அவர்கள் சந்தை உச்சத்தில் இருக்கும்போது வாங்க மாட்டார்கள். வரத்து குவிந்து விலை விழும்போது மட்டும் வருவார்கள். அப்போது விலை சொல்வது அவர்கள் கையில்.

இதை மாற்றத் தனி விவசாயியால் முடியாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தால் முடியும். மார்ச் முதல் ஜூலை வரை தினமும் வரும் பூவில் ஐந்தில் ஒரு பங்கைத் தருகிறோம், விலை இதற்குக் கீழே போகக் கூடாது என்று பருவத்துக்கு முன்பே எழுதி வாங்க வேண்டும். அந்த அடிவிலை பறிப்புக் கூலி, வண்டி வாடகை, ஒரு பங்கு உரச்செலவு ஆகியவற்றைக் கூட்டி வருவதாக இருக்கட்டும். 'மார்கழியில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும்போது யார் தருவார்?' என்று கேட்பீர்கள். மார்கழியை ஒப்பந்தத்தில் சேர்க்கவே வேண்டாம். தொழிற்சாலைக்குத் தேவை பருவப் பூதான்.

10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்கும் மத்தியத் திட்டம், ஊரடங்குக்கு முந்தைய மாதம்தான் தொடங்கியது. அதில் உறுப்பினர் ஒருவருக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு 15 லட்சம் ரூபாய் வரை பங்கு மானியம் உண்டு. உரம் வாங்கி விற்பதோடு நிற்கும் நிறுவனங்கள் பூ விற்பனையிலும் இறங்க வேண்டும்.

ஒரே நாளில் கவாத்து வேண்டாம்

நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்வது சரியான பரிந்துரை. ஆனால், ஊரே ஒரே வாரத்தில் வெட்டினால் ஊரே ஒரே வாரத்தில் பூக்கும். வயலை மூன்று பாகமாகப் பிரித்து, இரண்டு மூன்று வார இடைவெளியில் வெட்டிப் பாருங்கள். பனிக்காலப் பூ இதனால் கூடிவிடாது. கோடைக் குவியல் கொஞ்சம் பரவும். அதுவே லாபம்.

இருக்கும் நிலம் முழுவதும் குண்டுமல்லி போடுவதும் வேண்டாம். ஒரு பகுதியில் பிச்சி, முல்லை இருக்கட்டும். பத்து இருபது சென்ட்டில் தீவனப்புல் போட்டு இரண்டு மாடு வையுங்கள். ஊரடங்கிலும் ஆவின் பால் எடுத்தது. பூ வாங்க ஆள் இல்லாத நாளிலும் பாலுக்கு ஆள் இருந்தது.

சந்தை நீண்ட நாள் மூடும் என்று தெரிந்தால், வயலில் பாதியைக் கவாத்து செய்து, தண்ணீரைக் குறைத்து, செடிக்கு ஓய்வு கொடுங்கள். விற்காத பூவைப் பறிக்கக் கூலி கொடுப்பதைவிட அது மேல்.

மார்கழிப் பணம் சித்திரைக்கு

விலை ஏறும் மார்கழி, தையில் வரும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். இரண்டு மாதப் பறிப்புக் கூலிக்கு அது ஆகும்.

கமிஷன் கடை முன்பணத்தைக் குறைசொல்ல மாட்டேன். ஊரடங்கில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால்தான். ஆனால், முன்பணம் வாங்கியவர் வேறு கடைக்குப் பூ கொண்டுபோக முடியாது. இரண்டாவது வாசல் திறந்தாலும் அவர் அதில் நுழைய முடியாது. கிசான் கடன் அட்டையில் உரிய காலத்தில் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக் கூடாது. பூப்பயிருக்கும் இந்தக் கடன் உண்டு. கிளையில் தட்டிக்கழித்தால் எழுத்தில் பதில் கேளுங்கள்.

அரசும் ஒன்று செய்ய வேண்டும். சந்தை மூடும் நாட்களில், ஒப்பந்த அடிவிலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தர மாவட்ட அளவில் ஒரு சிறு சுழல்நிதி வேண்டும். பேரிடர் வந்தபின் நிவாரணம் அறிவிப்பதைவிட இது சீக்கிரம் கைக்கு வரும்.

இந்த நவம்பரில் கவாத்துக் கத்திரியை எடுக்கும் முன், உங்கள் ஊரில் இருபது பூ விவசாயிகளாவது ஒரு மாலை கூடிப் பேசுங்கள். கவாத்து எந்தத் தேதி, எந்தத் தொழிற்சாலை, என்ன அடிவிலை என்ற மூன்று கேள்விகள் போதும். பதில் கிடைத்தவுடன் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.