காற்றுத் துளையில் கூடிக் குறையும் நஞ்சு

சவளக்கடையிலோ கல்முனையிலோ போதைப்பொருள் பற்றிப் பேச்செடுத்தால் கசிப்பு, ஹெரோயின், ஐஸ் என்றுதான் கதை போகும். போருக்குப் பின்னர் வடக்கு, கிழக்கின் ஏனைய ஊர்களிலும் கவலை இதுவே. இந்தப் பட்டியலில் 'வேப்' எனப்படும் இலத்திரனியல் சிகரெட் இடம்பிடிப்பது அரிது. அதில் சாம்பலில்லை, புகையிலை நாற்றமில்லை. பிள்ளையின் சட்டைப்பையில் கண்டாலும் பேனை என்றே பெற்றோர் நினைக்கக்கூடும்.

இதன் இயக்கம் எளிமையானது. மின்கலம் கம்பிச் சுருளைச் சூடாக்க, பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகிறது. அத்திரவத்தில் புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், சுவையூட்டிகளுடன் பெரும்பாலும் நிக்கோட்டினும் உண்டு. காற்றுத் துளையை அகலத் திறந்தால் ஆவி குளிர்ந்து, பெருமளவில் நேரே நுரையீரலுக்குள் இறங்கும். ஒடுக்கினால் சூடாகவும் அடர்த்தியாகவும் வரும். வாட் அளவைக் கூட்டினால் ஒரே இழுப்பில் ஆவியாகும் திரவமும் நிக்கோட்டினும் கூடும். சூடு மிஞ்சிப் பஞ்சு காய்ந்தால் தொண்டை எரியும். போர்மல்டிஹைட் போன்ற நச்சுப் பொருட்களும் உருவாகும்.

ஆகவே 'செட்டிங்' என்பது வெறும் சுவை விவகாரமல்ல, உடலுக்குள் போகும் அளவைத் தீர்மானிப்பது. போத்தலில் உள்ள எண் பாதிக் கதையைத்தான் சொல்லும். பாவித்துவிட்டு வீசும் கருவிகள் பலவற்றில் அந்தத் தெரிவுகூட இல்லை. அளவை உற்பத்தியாளரே முடிவு செய்துவிடுகிறார். அவற்றிலுள்ள நிக்கோட்டின் உப்பு தொண்டையை உறுத்தாது என்பதால் அதிக அளவும் உள்ளே போவது தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் என உச்சவரம்பு வைத்திருக்கிறது.

நமது சட்டம் எங்கே நிற்கிறது? 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பதைத் தடுக்கிறது. 2016 ஒழுங்குவிதி 'புகையிலை அடங்கிய' இலத்திரனியல் சிகரெட்டுகளைத் தடைசெய்தது. புகையிலையே இல்லாத நிக்கோட்டின் திரவத்துக்கு அந்தச் சொற்களே கதவைத் திறந்து வைக்கின்றன. இந்தியா 2019இல் இவற்றை முழுமையாகத் தடைசெய்தது. அதே ஆண்டில் ஐக்கிய அரபு இராச்சியம் தரநிலைகளுடன் விற்பனையை அனுமதித்தது. நமது கரையோரத்து இளைஞர்கள் வேலை தேடிப் போகும் நாடு அது. அங்கே கடையில் வாங்கியது விடுமுறைப் பயணப்பையில் வீடு வந்து சேர அதிக காலம் எடுக்காது.

சிகரெட்டை விட இதில் நச்சுப் பொருட்கள் குறைவு என்ற வாதம், புகைப்பழக்கத்தைக் கைவிட முயலும் வளர்ந்தவருக்குப் பொருந்தலாம். ஒருபோதும் புகைக்காத பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதில் இலாபம் எதுவுமில்லை. புகையிலையோடு நிக்கோட்டினையும் சட்டத்தின் சொற்களுக்குள் கொண்டுவர வேண்டும். அதுவரை பெற்றோரும் ஆசிரியர்களும் இந்தக் கருவியைப் பார்த்தவுடன் அடையாளம் காணப் பழகுவதே கையிலுள்ள வழி.