சம்பூரில் அந்நியர் யார்?

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் மறுகரையில் இருக்கிறது சம்பூர். வயலும் கடலும் மாடும் சோறு போட்ட ஊர். வெளிநாட்டு முதலீட்டாளருக்கு விசா விதிகள் தளர்த்தப்படுகின்றன என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஊர்தான் நினைவுக்கு வருகிறது.

2006 ஏப்ரலில் தொடங்கிய குண்டுவீச்சில் சம்பூர் மக்கள் ஊரை விட்டு ஓடினர். 2007இல் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2012இல் அங்கே 818 ஏக்கர் காணி கனரகக் கைத்தொழில் வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டு, முதலீட்டுச் சபையின் ஊடாக ஸ்ரீலங்கா கேட்வே இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. காணிக்கு உரியவர்களோ கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் தகரக் கொட்டில்களில் வெந்துகொண்டிருந்தனர்.

2015 மே மாதம் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த அறிவித்தலை ரத்துச் செய்தார். நிறுவனம் வழக்காடியது; ஜூலையில் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. அதன் பின்னரே மக்கள் அந்த மண்ணில் கால் வைத்தனர். தம் சொந்த வளவுக்குள் நுழைய அவர்களுக்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்தன.

இனி விசாவுக்கு வருவோம். முதலீட்டுச் சபை ஏற்றுக்கொண்ட திட்டமாயின், அதன் வெளிநாட்டு முதலீட்டாளரும் நிபுணரும் சபையின் பரிந்துரையோடு வதிவிட விசா பெறலாம். மனைவி மக்களுக்கும் உண்டு. கொழும்புத் துறைமுக நகருக்கென 2021இல் தனி ஆணைக்குழுச் சட்டமே இயற்றப்பட்டது. அந்நியர் வரட்டும், அதில் எனக்கு ஆட்சேபமில்லை. பிழைப்புக்காகக் கடல் கடந்த இனம் நாம். பிறர் வருவதை வெறுக்கும் உரிமை நமக்கில்லை.

என் கேள்வி வேறு. அந்நியருக்கு விசா வழங்கும் அதே 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம், சொந்தப் பிள்ளைகளை எப்படி நடத்துகிறது?

2006இல் திருகோணமலை மாவட்டத்தினர் பலர் மன்னாருக்கு வந்து, படகேறி, தனுஷ்கோடி மணல்திட்டுகளில் இறங்கினர். கடவுச்சீட்டின்றி, அங்கீகரிக்கப்படாத துறை வழியாக நாட்டை விட்டு வெளியேறுவது அச்சட்டப்படி குற்றம். தலைக்கு மேல் குண்டு விழும்போது கடவுச்சீட்டுக்கு வரிசையில் நின்றிருக்க வேண்டும் போலும்!

இது பழங்கதையன்று. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் மோடி கொழும்பு வந்தபோது சம்பூர் சூரிய மின் திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் இலங்கையும் கையொப்பமிட்டன. அடுத்த மாதமே, அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையரகத்தின் உதவியோடு தமிழகத்திலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் கைதானார். அன்று முறையின்றி வெளியேறியதே குற்றம். எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே, கொள்கையை மாற்றுவோம் என்றது அரசாங்கம்.

இக்கரையிலும் நிலைமை திருப்தியாக இல்லை. இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் ஈழ அகதிக்கு இடமில்லை. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குத் தண்டனையிலிருந்து விலக்களித்தது 2025 செப்டெம்பர் ஆணை. அது விலக்கு மட்டுமே, குடியுரிமை அன்று. அங்கே அந்நியன், இங்கே குற்றவாளி!

முதலீடு வந்தால் வேலை வரும், ஏன் குறுக்கே நிற்கிறீர் என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நான் குறுக்கே நிற்கவில்லை. வரிசையைச் சரிசெய்யச் சொல்கிறேன். போரினால் வெளியேறியது குற்றமன்று என்று அமைச்சரின் வாய்மொழியாக அல்லாமல் சட்டத்திலேயே எழுதுங்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளின் குடியுரிமைப் பதிவை அலைக்கழிக்காமல் முடித்துக் கொடுங்கள். உரியவர் திரும்பி வந்து தம் உரிமையைச் சொல்லும்வரை ஒரு காணியையும் வலயமென்று வர்த்தமானியில் ஏற்றாதீர்கள்.

இவற்றைச் செய்துவிட்டு, உலகத்தாருக்கெல்லாம் கதவை அகலத் திறவுங்கள். வரவேற்க நானும் வருவேன். வீட்டுக்காரனை வாசலில் நிறுத்திவிட்டு விருந்தாளிக்குப் பாய் விரிப்பதற்கு எங்கள் ஊரில் விருந்தோம்பல் என்று பெயரில்லை.