எல்லைக் கல்லோடு சட்டம் நிற்பதா?

சென்னை மாநகராட்சி 2025-ம் ஆண்டில் கட்டட வேலைகளுக்கு விதிகள் வகுத்தது. சுற்றிலும் தகரத் தடுப்பு வேண்டும். தண்ணீர் தெளிக்க வேண்டும். மண் லாரியைத் தார்ப்பாயால் மூட வேண்டும். மீறினால் ரூ. 5 லட்சம் வரை அபராதம். வரவேற்கிறோம்.

ஆனால் அவ்விதி மாநகராட்சி எல்லையோடு நின்றுவிடுகிறது. மத்திய சர்க்கார் 2018 ஜனவரியில் பிறப்பித்த தூசுத் தடுப்பு விதிகளும், காற்றில் தூசு வரம்பு மீறிய நகரங்களையே கட்டுப்படுத்துகின்றன. கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பள்ளம் தோண்டும் கம்பெனியை யார் கேட்பது?

மண்ணுக்கு எல்லைக் கல் தெரியாது. ஐப்பசி மழையில் கரைந்து வரத்துக் கால்வாயைத் தூர்க்கிறது. ஏரி நிரம்பாவிட்டால் நடவு இல்லை. நடவு இல்லாவிட்டால் விவசாயத் தொழிலாளிக்குக் கூலி இல்லை. கோடையில் அதே மண் புழுதியாகி ஆலைத் தொழிலாளியின் நெஞ்சில் இறங்குகிறது. ஆரணியாறு அடித்துச் செல்லும் வண்டல் பழவேற்காட்டு ஏரியில் படிகிறது. மீனவர் பிழைப்பும் கெடுகிறது.

"விதியை இறுக்கினால் ஆலைகள் ஆந்திர எல்லை தாண்டிப் போய்விடும்" என்று முதலாளிகள் மிரட்டுவார்கள். மத்திய விதி எல்லாக் கிராமத்துக்கும் பொருந்தினால் எங்கே போவார்கள்? ஊருக்கு ஒரு விதி என்பதுதானே அவர்கள் லாபத்துக்கு வழி!

நமது கோரிக்கைகள்: சென்னை விதிகளைத் திருவள்ளூர் ஜில்லா முழுவதும் அமுலாக்கு! தோண்டிய மண்ணை மழைக்கு முன் மூடு! அபராதப் பணத்தில் கால்வாய் தூர்வாரு; அவ்வேலையை உள்ளூர்த் தொழிலாளருக்கே கொடு!

தோழர்களே! அக்டோபர் 2 கிராம சபையில் ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒன்றாக நின்று இத்தீர்மானத்தை நிறைவேற்றுங்கள். மழை காத்திராது.