பனிநாட்டாரின் பற்கள்

‘எஸ்கிமோவர்’ என்று பாடநூல்களில் நாம் படித்த மக்கள் தம்மை ‘இனுவிற்’ என்றே அழைத்துக்கொள்வர். அவர்தம் மொழியில் அச்சொல்லுக்கு ‘மக்கள்’ என்பதே பொருள். கடல்நாய், கரிபு மான், மீன் ஆகியவற்றின் இறைச்சியே அவர்களுடைய பழைய உணவு. விலங்கின் தோலைப் பாதணிக்கு ஏற்ப மென்மையாக்குதற்குப் பெண்கள் அதனைப் பல்லினாலேயே மெல்லுவர். முதுமையில் அப்பற்கள் முரசுவரை தேய்ந்துபோகும். ஆனால் சூத்தை பிடிப்பது அரிதாயிருந்தது.

1933ஆம் ஆண்டிலே வெஸ்ரன் பிறைஸ் என்னும் அமெரிக்கப் பல்வைத்தியர் அலாஸ்காவின் எஸ்கிமோ குடியிருப்புகளுக்குச் சென்று வாய்களைச் சோதித்தார். பழைய உணவை உண்டவர்களிடையே சூத்தை மிகச் சொற்பம். கடை மாவும் சீனியும் வந்து சேர்ந்த இடங்களிலோ அது பெருகியிருந்தது. 1939இல் அவர் வெளியிட்ட நூலின் முடிபுகள் பலவற்றை விஞ்ஞானிகள் ஏற்பதில்லை. ஆயினும் இந்த அவதானம் பொய்க்கவில்லை.

கனடாவின் இனுவிற் மக்கள் வேட்டைப் பாளையங்களை விட்டு நிலையான ஊர்களிற் குடியேறியபின், கடைப்பண்டமே அன்றாட உணவாயிற்று. 2008, 2009ஆம் ஆண்டுகளில் அங்கு நடைபெற்ற ஆய்வின்படி, மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 85க்கு மேற்பட்டோர் சூத்தை கண்டவர்கள். இளைஞரிடையே அத்தொகை 90ஐயும் தாண்டியது. மாணவர்கள் இக்கணக்கைச் சற்று நின்று நோக்குதல் நன்று: ஓரிரு தலைமுறையில் விளைந்த மாற்றம் இது! பிள்ளைகள் பல் துலக்காததன் வினை என்று சொல்லிவிடுதல் எளிது. அவர்தம் பாட்டிமார் பற்தூரிகையையே அறியார் என்பதை அவ்வாறு சொல்வோர் மறந்துவிடுகின்றனர்.

தீங்கு சூத்தையோடு நின்றுவிடுவதில்லை. பாற்பல் என்பது, பின்னே வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கும் காவலாள் போன்றது. கடைவாய்ப் பாற்பல்லைக் காலத்துக்கு முன் பிடுங்கினால் அயற்பற்கள் அவ்விடத்துக்குச் சரிந்துவிடும். புதிய பல் இடமின்றிக் கோணலாய் முளைக்கும். கோணலைத் திருத்தும் கம்பியையோ சில வாரங்களுக்கு ஒருமுறை வைத்தியர் சரிசெய்தல் வேண்டும். 1999இல் தனி ஆட்சிப் பிரதேசமாகிய நுனாவுற்றில் 25 ஊர்கள் உள. ஊருக்கும் ஊருக்கும் இடையே தெருவில்லை. வைத்தியர் ஆகாயவிமானத்தில் வந்து சின்னாள் தங்கிப் போவார். கம்பிக்கு அரசாங்கம் பணம் கொடுப்பதும் கோணல் மிகக் கடுமையாயிருந்தால் மாத்திரமே.

இக்குறைக்கு மருந்தாக ஒரு வழி முன்பே கண்டறியப்பட்டிருந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பேணத் தாதியரைப் பயிற்றும் முறையை 1921இல் நியூசிலாந்து தொடங்கிற்று. எமது மகரகமைப் பயிற்சிப் பாடசாலையும் அந்நாட்டின் உதவியால் அமைந்ததே. அதே வழியிற் கனடாவும் 1972இல் வடக்கேயுள்ள போட் ஸ்மித் என்னும் ஊரில் ஒரு பாடசாலையை நிறுவிற்று. பின்னர் தெற்கே சஸ்கச்சுவான் மாகாணத்துக்கு மாற்றப்பெற்ற அப்பாடசாலை, நிதியுதவி நின்றதனால் 2011இல் மூடப்பட்டது. சஸ்கச்சுவான் பல்கலைக்கழகம் அப்பயிற்சியை மீண்டும் ஆரம்பித்தது 2023இலேதான். பாடசாலை மூடப்பட்டபோது மூன்று வயதாயிருந்த குழந்தைக்கு அப்பொழுது பதினைந்து வயது. பாற்பற்கள் யாவும் விழுந்து முடிந்திருக்கும்.