அகத்தி இலையில் ஒரு பச்சைப் புழு

வீட்டுத்தோட்டம் செய்யும் அம்மாமார் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "பிள்ளை, அகத்தியில பச்சைப் புழு. என்ன மருந்து அடிக்கலாம்?"

சகோதரிகளே, அந்தப் புழு சிலவேளை நமக்கு நன்கு தெரிந்த சிறிய மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் இளம்பருவமாக இருக்கலாம். சிறகோரம் கறுத்து, புல்வெளியில் தாழப் பறந்து திரியுமே, அதுதான். உட்காரும்போது சிறகை மூடிக்கொள்ளும். மழை விட்டதும் ஆண் பூச்சிகள் ஈரமண்ணில் கூட்டமாக இருந்து உப்புச்சத்தை உறிஞ்சும்.

தாய்ப்பூச்சி தகரை, ஆவரை, அகத்தி போன்ற செடிகளைத் தேடி, இலைக்கு ஒன்றாக வெண்ணிற முட்டையிடும். சில நாட்களில் புழு வெளிவரும். இலையின் நிறமே அதற்கும் இருப்பதால் பறவையின் கண்ணுக்கு எளிதில் படாது. இலை தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, பின் சிறகு விரிக்கும். பூச்சியான பிறகு அது இலையைத் தொடுவதில்லை, பூந்தேனையே குடிக்கும்.

மருந்தடித்தால் சாவது புழு மட்டுமல்ல. புழுவைப் பிடித்துத் தின்னும் சிலந்தியும் குளவியும் சேர்ந்தே சாகும். அதே அகத்தி இலைதான் நாளை நம் சட்டியில் சுண்டலாகிறது. முதலில் உண்பவர்கள் நம் குழந்தைகள்.

ஆகவே, கறிக்கு ஆயும்போது புழுவைக் கையால் அகற்றுங்கள். ஒரு கிளையை அதற்கென விட்டுவிடுங்கள். வேலியோரத் தகரையை முழுதாகப் பிடுங்காதீர்கள். தோட்டத்தில் மஞ்சள் பூச்சி பறப்பதும், நாம் நஞ்சில்லாக் கீரை உண்பதும் ஒரே முடிவில்தான் தங்கியிருக்கின்றன.