காற்றில் வந்தால் ஒரு சட்டம், இணையத்தில் வந்தால் வேறா?

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்சில் திரும்பும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிலாளர்களுக்கு செல்போன் பாட்டுதான் துணை. ஆனால், அந்தப் பாட்டை எப்.எம். போட்டால் ஒரு சட்டம், இணைய ரேடியோ போட்டால் வேறு சட்டம்!

2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 31-டி பிரிவுப்படி, எப்.எம். நிலையம் முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்து, நிர்ணயித்த ராயல்டியைக் கட்டினால் போதும். பாட்டுக் கம்பெனி மறுக்க முடியாது. இணையத்துக்கு இது பொருந்தாது என்று விங்க் செயலி வழக்கில் பம்பாய் ஐகோர்ட்டு 2019-ல் தீர்ப்பளித்தது. 2022-ல் 2 நீதிபதிகள் பெஞ்சும் அதை உறுதி செய்தது.

அப்புறம் என்ன? கேட்ட ரேட்டைக் கொடு, இல்லாவிட்டால் பாட்டு கிடையாது. பெரிய முதலாளிகள் தாங்குவார்கள். ரெண்டு பேர் சேர்ந்து நடத்தும் தமிழ் ரேடியோ ஒவ்வொரு கம்பெனி வாசலாக ஏறி இறங்க முடியுமா? ஓசிப் பாட்டு யாரும் கேட்கவில்லை. இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் காசு போய்ச் சேரட்டும். சின்ன நிலையத்துக்கு, அதன் வருமானத்துக்குத் தக்க ராயல்டி என்று மத்திய அரசு சட்டத்தைத் திருத்த வேண்டும்.