யாரிடம் பேசுகிறோம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்

நாகர்கோவிலில், நர்சிங் முடித்துவிட்டு பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகத் தயாராகும் பெண்களுக்கு ஓ.இ.டி. தேர்வுக்கான ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். மருத்துவத் துறையினருக்கென்றே நடத்தப்படும் தேர்வு அது. என்னிடம் வருகிறவர்கள் நன்றாகப் படித்தவர்கள். மருந்துப் பெயர்களைக் கடகடவென்று சொல்வார்கள். டென்ஸில் அதிகம் தடுமாற மாட்டார்கள். அவர்கள் சறுக்குவது கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட், வில், வுட், ஷல் என்ற ஒன்பது சின்னச் சொற்களில். பள்ளியில் 'மோடல் ஆக்ஸிலரி' என்று படித்தோமே, அவைதான்.

அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில் நடித்துக்காட்ட இரண்டு காட்சிகள் தருவார்கள். ஒவ்வொன்றுக்கும், காட்சி எழுதிய அட்டையைப் படிக்க 3 நிமிடம், பேச ஏறத்தாழ 5 நிமிடம். எதிரே இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ பேசுவார். 2018 முதல், மொழிக்கு மட்டுமல்லாமல் நோயாளியிடம் பழகும் விதத்துக்கும் தனியே மதிப்பெண் உண்டு. நம் பெண்கள் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார்கள்: "யூ மஸ்ட் ஸ்டாப் ஸ்மோக்கிங். யூ மஸ்ட் டேக் ரெஸ்ட்." இலக்கணப்படி எந்தத் தப்பும் இல்லை. ஆனால் கேட்கிறவருக்கு யாரோ அதட்டுகிற மாதிரி இருக்கும். அதே பெண் இங்கே வார்டில் ஒரு பெரியவரிடம், "தாத்தா, பீடியக் கொஞ்சம் குறைக்கப் பாருங்க, என்ன?" என்றுதான் சொல்வாள். தமிழில் அவளுடைய மரியாதை 'ங்க'விலும் 'கொஞ்ச'த்திலும் அந்த 'என்ன'விலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது குட், வுட், மைட் போன்றவை. இதை அவளுக்குப் பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பில் யாரும் சொல்லவில்லை.

சொல்லிக்கொடுத்தது ஓர் அட்டவணை. கேன் என்றால் 'முடியும்', மே என்றால் 'லாம்', மஸ்ட் என்றால் 'வேண்டும்', குட் என்றால் கேனின் இறந்தகாலம். இதை மனப்பாடம் செய்து, கோடிட்ட இடத்தை நிரப்பி, மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். இந்த அட்டவணையைக் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து. வெளிநாட்டுத் தேர்வுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வார்டில் இது ஆபத்தாகவே முடியலாம்.

மஸ்ட் 'வேண்டும்' என்றால், மஸ்ட் நாட் 'வேண்டாம்' என்றுதானே பிள்ளை நினைக்கும்? "வலி இல்லேன்னா மாத்திரை போட வேண்டாம்" என்பதை "யூ மஸ்ட் நாட் டேக் இட்" என்கிறாள். கேட்ட நோயாளி, போட்டால் விபரீதம் என்று பயந்துவிடுவார். போடாமல் இருந்தாலும் பரவாயில்லை என்பதற்கு "யூ டோன்ட் ஹேவ் டு" என்று திருத்துகிறேன். அதைப் பிடித்துக்கொண்டவள் அடுத்த காட்சியில், காலையில் ஆபரேஷனுக்குப் போக வேண்டியவரிடம், "சாப்பிட வேண்டாம்" என்பதற்கு "யூ டோன்ட் ஹேவ் டு ஈட்" என்கிறாள். சாப்பிட்டே ஆக வேண்டும் என்றில்லை, பசித்தால் சாப்பிடுங்கள் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உணவு இருந்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போகக்கூடும், உயிருக்கே ஆபத்து. இரண்டு இடத்திலும் அவள் மனதில் ஓடியது ஒரே 'வேண்டாம்'. எது தடை, எது அவரவர் விருப்பம் என்பதைத் தமிழில் நாம் குரலிலும் சூழ்நிலையிலும் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அதை வாயால் பிரித்துச் சொல்லியாக வேண்டும்.

ஊகத்திலும் இதே சிக்கல்தான். "இன்ஃபெக்ஷனா இருக்கும்" என்று நாம் சொல்வது பாதிக்கு மேல் ஊகம். அதை "இட் வில் பி இன்ஃபெக்ஷன்" என்று டாக்டரிடம் சொன்னால், நர்ஸ் முடிவே கட்டிவிட்ட மாதிரி கேட்கும். மே, மைட், குட் இவற்றில் ஒன்றைப் போட்டால்தான் அது சந்தேகமாகவே போய்ச் சேரும். ஷிஃப்ட் மாறும்போது கைமாறும் ஒவ்வொரு வாக்கியத்திலும், எனக்கு எந்த அளவுக்கு நிச்சயம் என்பதையும் சேர்த்துத்தான் ஒப்படைக்கிறோம்.

நம் பாடத்தில் காலம் எதற்குச் செலவாகிறது என்று பாருங்கள். 'ஐ, வீ' வந்தால் ஷல், மற்றதற்கெல்லாம் வில் என்ற விதியை இன்னும் பல இடங்களில் ஒப்பிக்கவைக்கிறார்கள். 1653-இல் ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கண நூலில் இருக்கும் விதி அது. முடிவிலிக்கு நாம் போடும் குறியீட்டைத் தந்தவரும் அவர்தான். பெரிய மேதை, சந்தேகமில்லை. ஆனால் இன்று லண்டனில் பேச்சுவழக்கில் அந்த விதியைப் பார்த்துப் பேசுகிறவர் அரிது. "ஷல் ஐ ஹெல்ப் யூ?" என்ற ஓர் உபயோகத்தை மட்டும் பழக்கிவிட்டால் என் மாணவிகளுக்குப் போதும்.

சரியாகக் கற்பிக்கும் முறை நமக்குத் தெரியாதது அல்ல. நம் ஊர்ப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை வாசலில் நின்று "மே ஐ கம் இன் மிஸ்?" என்று கேட்கிறது. அதில் ஒருநாளும் தப்பு வருவதில்லை. விதி சொல்லி அதைப் பழக்கவில்லை. வாசல் இருந்தது, உள்ளே ஒருவர் இருந்தார், அனுமதி தேவைப்பட்டது, சொல் ஒட்டிக்கொண்டது. "ஐ கேன் ஏபிள் டு" போன்ற பிழைகளோ அட்டவணை வந்த பிறகுதான் வருகின்றன. 'முடியும்' என்பதற்கு இரண்டு ஆங்கிலச் சொல் எழுதிப்போட்டால் குழந்தை இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லும்.

என் வகுப்பில் ஒரே விஷயத்தை ஆள் மாற்றிச் சொல்லவைக்கிறேன். ஜன்னலைத் திறக்கச் சொல்ல வேண்டும்: தங்கையிடம், சக நர்ஸிடம், தலைமை நர்ஸிடம், நோயாளியின் மனைவியிடம். முதல் வாரம் எல்லாரிடமும் "ஓபன் த விண்டோ ப்ளீஸ்"தான். ப்ளீஸ் போட்டால் மரியாதை வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். கட்டளை கட்டளையாகவேதான் இருக்கும். பிறகு "கேன் யூ", "குட் யூ", "வுட் யூ மைண்ட்" என்று ஒருத்தி தானாகவே இறங்கி ஏறுவாள். அப்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தேர்வில் வராத எதையும் வகுப்பில் நடத்த நேரமில்லை என்பதும் உண்மை. அதனால் வினாத்தாளிலிருந்தே தொடங்கலாம். 'யூ —— ஒபே யுவர் பேரண்ட்ஸ்' என்று கேட்டு, மஸ்ட், ஷுட், ஆட் டு மூன்றும் பொருந்தும் இடத்தில் ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண் போடுவதை நிறுத்தட்டும். பதிலாக இப்படி ஒரு கேள்வி: 'ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரரின் மகனிடம் ஃபோன் சார்ஜர் கேட்க வேண்டும். அதையே உங்கள் தம்பியிடமும் கேட்க வேண்டும். இரண்டு வாக்கியம் எழுதுக.' இதற்குப் பல விடைகள் சரியாக இருக்கும். திருத்துகிறவர் ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துத்தான் மதிப்பெண் போட முடியும். அதற்கான நேரத்தையும் படியையும் தேர்வுத் துறை அவர்களுக்குக் கொடுக்கட்டும்.